ரோட்டில் பரப்பிய கொள்ளு

பொங்கல் கழிந்த வாரம் கள்ளக்குறிச்சியில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் நான் ஜெயிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் திட்டம். ஜெயிக்க வேண்டியவன் என் கூட்டாளி. கரும்பு வெட்டுக்குப் போகிறவன், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. முதலில் வருகிறவனை வெளியூர் ஆலை ஒன்று தன் பந்தய அணியில் எடுத்துக்கொண்டு வேலையும் போட்டுத் தரும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வந்தால் எவர்சில்வர் குடம். அவனுக்குக் குடம் தேவைப்படவில்லை.

ஊரிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை ஏற வேண்டும். அங்கே புறங்கையில் மை முத்திரை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். அணிக்கு மூன்று பேர். கியர் இல்லாத சாதா சைக்கிளுக்குத்தான் அனுமதி. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, எலும்பும் தோலுமான வண்டியில் ஓட்டுவோம்.

தை மாதத்தில் திரும்பி வரும்போது எதிர்க்காற்று. ஒருவன் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, இன்னொருவன் அவன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் விட்டு ஒட்டிக்கொண்டு வந்தால், பின்னால் வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் அவனுக்கு ரோடு தெரியாது. முன்னால் போகிறவனின் டயரும் முதுகும்தான் தெரியும். பள்ளமோ மாடோ வந்தால் முன்னால் போகிறவன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், பின்னால் வருகிறவன் எந்த அணியாக இருந்தாலும். இது எல்லோருக்கும் பொதுவான வழக்கம். எங்கள் இருவருக்குள் மட்டும் தனியாக ஒரு சைகை இருந்தது. நான் இடது முழங்கையை வெளியே தள்ளினால், உடனே இடப்பக்கம் வெட்டப்போகிறேன் என்று அர்த்தம்.

முந்தின நாள் வீட்டில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாற்பது சைக்கிள், பின்னால் மைக் கட்டிய ஜீப், அதன் பின்னால் வேடிக்கை பார்க்கிற மோட்டார் சைக்கிள்கள் என்று அம்மாவிடம் அளந்துவிட்டேன்.

"நம்ம கொல்லியாண்ட எத்தினி மணிக்குத் திரும்பி வருவீங்க?" என்று கேட்டாள். கொல்லி என்றால் அந்த ரோட்டோரம் இருக்கிற எங்கள் நிலம்.

மகன் மேல் அவ்வளவு அக்கறை என்று நினைத்து, பத்து மணி என்றேன்.

மறுநாள் காலையில் எங்கள் நிலத்தைத் தாண்டும்போது ரோடு சுத்தமாக இருந்தது. எங்கள் அணியின் மூன்றாவது ஆள் மலையடிவாரத்திலேயே டயர் வெடித்து உட்கார்ந்துவிட்டான். மலை ஏறி முத்திரை வாங்கிக்கொண்டு இறங்கியபோது முன்னணியில் ஐந்து பேர்தான் மிச்சம். நாங்கள் இருவர், உளுந்தூர்பேட்டைக்காரர்கள் மூவர். அவர்கள் பெரிய ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஒட்டி ஓட்டியே பழகியவர்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் மூவரும் என் கூட்டாளிக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டார்கள். ஓசியில் காற்று மறைப்பு. நான் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனேன். உண்ணி போல விடவே இல்லை.

தொடை இரண்டும் எரிந்தன. இப்படியே ஊர் எல்லை வரை போனால், கடைசி ஓட்டத்தில் மூன்று பேர் அவன் ஒருவனைச் சுற்றி வளைத்துவிடுவார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் ரோட்டில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. எங்கள் நிலம் இருக்கிற இடம்.

எங்கள் பக்கத்தில் கொள்ளுக் கொடியைப் பிடுங்கிக் காயவைத்து, பனி காய்ந்ததும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறிப் போகப் போக, காய் வெடித்துக் கொள்ளு உதிரும். நாற்பது சைக்கிளையும் ஜீப்பையும் வீணாக்க என் அம்மாவுக்கு மனசில்லை. கொடியைப் புரட்டுகிற கவைக்கோலுடன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கொடிமேல் வேகமாக ஏறினால் சைக்கிள் வழுக்கும். செயின் கவர் இல்லாத வண்டியில் கொடி செயினுக்குள் சுற்றிக்கொள்ளும். ஆனால் அம்மா எப்போதும் இடது ஓரத்தில் நடந்து போகிறவர்களுக்காக ஒரு முழம் விட்டுத்தான் பரப்புவாள். கூடப் பரப்பியவன் என்பதால் எனக்கு அது தெரியும். தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வருகிற நால்வருக்கும் தெரியாது.

நான் கையைத் தூக்கவில்லை. கடைசி நொடி வரை நடு ரோட்டிலேயே போய், முழங்கையைத் தள்ளிவிட்டு வெட்டினால், என் கூட்டாளி என்னோடு வந்துவிடுவான். அவர்கள் மூவரும் கொள்ளில் ஏறுவார்கள். ஜீப் அவர்களுக்கு இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தது. அந்த அவசரத்தில் ஜீப் ஞாபகமே வரவில்லை என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். ஞாபகம் இருந்தது.

முழங்கையைத் தள்ளினேன். வெட்டினேன்.

பின்னால் என் கூட்டாளியின் குரல் கேட்டது. "கொள்ளு, கொள்ளு. இடப்பக்கம் வாங்க. மெதுவா, மெதுவா."

திரும்பிப் பார்த்தேன். என் சக்கரத்தை விட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தான். மூவரும் தடுமாறி ஓரத்துக்கு வந்தார்கள். கடைசி ஆளின் சக்கரம் மட்டும் கொடியில் ஏறி வழுக்கியது. வேகம் குறைந்திருந்ததால் காலை ஊன்றித் தப்பித்தான். அவன் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

அம்மாவுக்குக் கோபம். "இன்னாடா எல்லாம் ஓரமாவே போய்க்கினு இருக்கீங்க? நடுவுல ஏறிக்கினு போங்களேன்" என்றாள்.

அவனுக்காக நான் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து மறுபடியும் இழுத்தேன். ஆனால் நின்ற வண்டியை எதிர்க்காற்றில் கிளப்பியதிலேயே அவன் கால் போய்விட்டது. ஊர் எல்லையில் நான் விலகி வழிவிட்டேன். அரைச் சக்கரத்தில் தோற்றான். ஜெயித்தது, கொள்ளில் வழுக்கிய அதே ஆள். அவன் வந்து என் கூட்டாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, கோபம்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன்.

"உனக்காகத்தானேடா செஞ்சேன். ஏன்டா கத்துன?"

"உங்கம்மா அங்கதான நின்னுக்கினு இருந்தாங்க" என்றான். "அந்தக் கொள்ளுல ஒருத்தன் செத்துக் கெடந்தா அப்புறம் அத இன்னா பண்ணுவாங்க?"

மறுநாள் விடியற்காலையில் அவன் கொடுவாளை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டுக்குப் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து, வழக்கம்போலப் பயிற்சிக்குக் கிளம்பினோம். எதிர்க்காற்று ஆரம்பித்த இடத்தில் நான் முன்னால் போனேன். அவன் மிதித்து என்னைத் தாண்டினான்.

"நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா."

"காத்து ஜாஸ்தியா இருக்குடா. உன் காலு போயிடும்."

"பரவால்ல. பின்னாடி இருந்தா எனக்கு ரோடு தெரியல."

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரே அணியில் ஓட்டினோம். ஒரு நாளும் அவன் என் சக்கரத்துக்குப் பின்னால் வரவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்குக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனான்.