ஹாரன் அத்தையின் தூக்கம்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்குப் பொய் சொல்லாமல் முடியாது. காலையில் அம்மாவின் கழுத்தை விடாமல் அழுத குழந்தை, பள்ளி வாசல் வரைக்கும் அழுதுகொண்டேதான் வந்திருக்கும். மாலையில் அந்த அம்மா கவலையோடு கேட்பார். "ஏறினதுமே சிரிச்சிடுச்சும்மா, சமத்து" என்று சொல்லிவிட்டு ஹாரன் அத்தை அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டு வாசல்களில் ஹாரன் அடித்தே பிள்ளைகளை வரவழைப்பதால் அவர்கள் வைத்த பெயர் அது. யார் மனமும் கோணக் கூடாது என்பதற்கு மேல் அந்தப் பொய்யைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

போன மழைக்காலத்தில், தூக்கத்தில், அவருக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயம் தேறிவிட்டது, தூக்கம்தான் திரும்பவில்லை. கண்ணை மூடினால் நெஞ்சுத் துடிப்பு காதில் கேட்கும். மூடிய கண் திறக்காமலே போய்விட்டால்?

"ராத்திரி ஒழுங்கா தூங்குங்க. அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடலாம்" என்றார் இதய மருத்துவர். அவர் சொல்லாவிட்டாலும் அத்தை தொட்டிருக்க மாட்டார். அரைக்கண்ணோடு அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற ஆள் இல்லை அவர். வேன் தெருவோரத்தில் தூசி பிடித்து நின்றது. பிள்ளைகள் வேறு வண்டியில் போனார்கள். அது தெருவைக் கடக்கும் நேரத்தில், அதன் ஹாரன் காதில் விழாதபடி அத்தை சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார்.

மருத்துவமனையிலேயே ஒரு வழி சொன்னார்கள். தூக்கம் வராத இதய நோயாளிகளுக்கு ஆன்லைனில் ஒரு சிகிச்சை. மாத்திரை கிடையாது. கைபேசியில் பாடங்கள்; வாரம் ஒருமுறை வீடியோவில் ஆலோசகரோடு பேச்சு. ஆலோசகர் மகள் வயதுப் பெண். தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள், வராவிட்டால் எழுந்து கூடத்தில் உட்காருங்கள், பகலில் படுக்கைப் பக்கமே போகாதீர்கள் என்றார். படுத்திருக்கும் நேரத்தையும் குறைத்தார்.

அத்தையின் கணவருக்கு இது ஒப்பவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். மனைவிக்காகப் புது மெத்தை, கனத்த திரை எல்லாம் வாங்கிப் போட்டிருந்தார். பகலிலும் "படு, படு" என்பதுதான் அவருடைய வைத்தியம்.

"தூக்கம் வராதவள சீக்கிரம் படுக்காதேன்னு சொல்ல ஒரு படிப்பா? இதுக்கு ராத்திரி பூரா குரைக்கிற எதிர்வீட்டு நாயே போதுமே."

"நாய்க்கு வீடியோல பேசத் தெரியாதுங்க."

அடுத்த அழைப்பில், தூக்கம் வந்ததா என்று ஆலோசகர் ஆவலோடு கேட்டார். அந்த முகத்தை வாட விட அத்தைக்கு மனம் வரவில்லை. "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் கண்ணு" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா! அப்ப இனிமே அரை மணி முன்னாடியே படுக்கலாம்." பரிசாகக் கிடைத்த அந்த அரை மணியும் விழிப்பிலேயே கழிந்தது.

மறுவாரமும் அத்தை அதையே ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவர் கதவோரம் நின்றிருந்தார்.

"பொய். சுத்தப் பொய்."

"யாரும்மா அது?"

"வீட்டுக்காரர்தான் கண்ணு. அடுத்தவங்க பேச்சை ஒட்டுக்கேக்காட்டி அவருக்குச் சோறு இறங்காது."

"கண்ணை மூடிட்டுக் கிடக்கறா, தூங்கல. தூங்கினா குறட்டை விடுவா, எனக்குத் தெரியாதா?"

"நானா குறட்டை விடறேன்?"

ஆலோசகர் குறுக்கிட்டார். "சார், அவங்க ராத்திரி பூரா தூங்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூச்சு வருதான்னு பாத்துட்டிருப்பேன்."

"தினமுமா?"

"பின்னே? அன்னைக்கு நான் தூங்கிட்டேன்ல."

அத்தை கைபேசியை மறந்து அவர் பக்கம் திரும்பினார். "நீங்க தூங்கணும்னுதாங்க நான் அசையாமக் கிடந்தேன்."

ஆலோசகர் பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை. "என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டாம்மா. மோசம்னா மோசம்னு சொல்லுங்க. நான் அழமாட்டேன்" என்றார். கொடுத்த அரை மணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கணவரை இதய மருத்துவரிடம் பேசச் சொன்னார்.

"இனி மாரடைப்பு வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா மருந்து வேலை செய்யுது, இதயம் நல்லா இருக்கு" என்றார் மருத்துவர். "அப்புறம், நீங்க பாத்துட்டிருக்கிறதால அது துடிக்கல சார்." கணவருக்குக் கோபம் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் தணிந்தது.

தூக்கம் துரத்தினால் ஓடுகிற வகை. அதை விட்டுவிடுவதும் எளிதல்ல. முதல் வாரங்களில் இருவரும் எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்தார்கள். அத்தை எழுந்து கூடத்துக்குப் போகும்போது பின்னாலேயே போகாமல் இருப்பதுதான் கணவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. அவர் அதை ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனாலும், கெட்ட இரவுகளைக் கெட்டவை என்றே அத்தை சொல்லத் தொடங்கிய பிறகு, நல்ல இரவுகளும் வந்தன. கடைசியில், வேன் ஓட்டலாம் என்று இதய மருத்துவர் தலையசைத்தார்.

பிள்ளைகளை ஏற்றும் முன் வெறும் வண்டியை ஒரு மதியம் ஓட்டிப் பார்த்தார் அத்தை. "பிரேக் எப்படின்னு பாக்கறேன்" என்று கணவரும் ஏறி, கடைசி வரிசையின் குட்டி இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

நாலைந்து தெரு தாண்டியதும், "என்னங்க, பிரேக் எப்படி?" என்றார் அத்தை. கண்ணாடியில் பார்த்தார். கணவர் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றால் விழித்துக்கொள்வார். பள்ளி வாசலில் நிறுத்தாமல் மெதுவாகத் திருப்பி, வந்த வழியிலேயே ஓட்டினார் அத்தை. இவ்வளவு நேரமும் தன் நெஞ்சைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது வழியில்தான் உறைத்தது. திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.