பதில் கடமைக்கு ஒரு கையெழுத்து

அன்பான சபையாரே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அந்த ஜெபத்துக்குத் தேவை வந்ததே என்னால்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2003ஆம் ஆண்டு மாரிகாலம். போர்நிறுத்தச் சமாதான காலம், வன்னிக்கு வெளியே போகும் பாதை திறந்திருந்தது. ஸ்கந்தபுரத்தில் விதைநெல் வழங்கும் களஞ்சியம் ஒன்றுக்கு நான் முகாமையாளர். எனக்குக் கீழே ஒரேயொரு எழுதுவினைஞர், தவமணி. தலைப்பிள்ளை வயிற்றில். கணவனுக்கு நாயாற்றில் கடற்றொழில். வீட்டில் துணைக்கு ஆளில்லை. செட்டிகுளத்தில் இருந்த தாய்வீட்டுக்கு நேரத்தோடு போய்விட நினைத்தாள். பிரசவ விடுமுறைக்கு முன்னால் ஆண்டு விடுமுறையையும் சேர்த்துத் தரும்படி படிவத்தை நீட்டினாள்.

அதில் 'பதில் கடமை பார்ப்பவர்' என்று ஒரு வரி உண்டு. போகிறவரின் வேலையைத் தான் பார்ப்பதாக இன்னொருவர் அங்கே கையெழுத்திடாமல் லீவு கிடையாது.

"பதில் ஆள் ஆர் பிள்ளை?"

"இஞ்சை நானும் நீங்களும்தானே சேர். நீங்கள்தான் வைக்கோணும்."

எழுதுவினைஞருக்கு முகாமையாளர் பதில் ஆளா? என் படிப்பும் பதவியும் கண்ணை மறைத்தன. "விதைப்பு முடியட்டும், பாப்பம்" என்று படிவத்தை மேசை லாச்சிக்குள் போட்டேன். அவள் வாதாடவில்லை. "ஓம் சேர்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு கிழமை போயிருக்கும். கொட்டும் மழை. விதைநெல்லுக்கு விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். தவமணி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். முகம் வெளிறியிருந்தது. குறித்த நாளுக்கு இன்னும் நாளிருந்தது, நோவு வந்துவிட்டது.

வரிசையின் முன்னால் நின்ற கந்தையா அண்ணை, தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்.

"அண்ணை, உங்கட விதைநெல்..." என்று இழுத்தேன்.

"நெல்லை நாளைக்கும் எடுக்கலாம். பிள்ளையை நாளைக்கு எடுக்கேலுமே? கதையை விட்டிட்டுப் படங்கைப் பிடியுங்கோ ஐயா!"

பெட்டியில் அவள் நனையாதபடி மேலே படங்கைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. அப்பால் போக முடியவில்லை. அவள் முனகினாள். நான் வாய்விட்டு ஜெபித்தேன்.

"ஆண்டவரே, பிழை என்னுடையது. அதற்கு இவளிடம் கணக்குக் கேளாதேயும். இந்தத் தண்ணீரை வற்றப்பண்ணும்."

வளர்ந்த பிறகு அழுது ஜெபித்தது அன்றுதான்.

தண்ணீர் வற்றவில்லை. ஆனால் பாலத்தடி மரத்தின் கீழ், சைக்கிளைப் பிடித்தபடி ஒரு அம்மா நின்றார். பிரசவம் பார்க்கும் மருத்துவமாது! காலையில் வீடுகளைப் பார்க்க வந்தவர், வெள்ளத்தால் திரும்ப முடியாமல் இந்தப் பக்கத்தில் அகப்பட்டிருந்தார். "ஆம்பிளையள் அங்காலை நில்லுங்கோ" என்றார். அருகிலிருந்த பள்ளிக்கூடக் கொட்டிலில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சுகம். எந்தத் தண்ணீரை அகற்றும்படி கேட்டேனோ, அதே தண்ணீரால் ஆண்டவர் அந்த அம்மாவை எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

மறுநாள் லாச்சியைத் திறந்து அந்த வரியில் கையெழுத்திட்டேன். பிரசவ விடுமுறையோடு ஆண்டு விடுமுறையும் கொடுத்தேன். அவளுடைய கதிரையில் இருந்து நானே விவசாயிகளுக்கு விதைநெல் துண்டு எழுதினேன்.

"என்ன கிளாக்கர் ஐயா, கோழி கிளறின மாதிரிக் கிடக்கு? தவமணி எழுதினால் கண்ணாடி இல்லாமலே வாசிப்பம்" என்று கந்தையா அண்ணை பகிடி பண்ணுவார். வரிசை முழுவதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஈரச் சாக்கின் மணமும் கூரையில் விழும் மழைச் சத்தமும் இப்போதும் நினைவில் வருகின்றன. நான் மிகச் சந்தோஷமாக வேலை செய்த மாதங்கள் அவைதான். ஆனால் தவமணியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கையெழுத்தே போதும் என்று இருந்துவிட்டேன்.

2009இல், போரில் எல்லாவற்றையும் இழந்து, செட்டிகுளத்து முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றேன். தலை சுற்றியது. யாரோ என் வாளியை வாங்கினார்கள். தவமணி. பக்கத்தில் அந்த மகள்.

"பிள்ளை, அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளம்மா."

"அதை விடுங்கோ சேர். போய் நிழலிலை இருங்கோ." சிரித்தாள். "பதில் கடமை நான் பாக்கிறன்."

சபையாரே, கேட்ட விதமாகவே கிடைக்காவிட்டாலும் ஆண்டவரிடம் கேளுங்கள். உங்களிடம் ஒருவர் கேட்டு நிற்கும்போது, அந்தத் தாளை லாச்சிக்குள் போடாதேயுங்கள்.