சிப்பியின் மேல் நின்றவளும் பெர்பெத்துவாவின் விளக்கமும்

பெர்பெத்துவா இறந்த செய்தி, ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு வந்தது. நான் நம்பவில்லை. உயிரோடிருக்கும் ஒருவருக்கு அதே ரோஜாவைப் போட்ட குழு அது. மாப்பிள்ளையூரணியில் இருக்கும் அவர் மகளை அழைத்துக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் மகளிர் கல்லூரியில் அவர் ஐரோப்பிய வரலாறு நடத்தினார். பக்கத்து அறையில் நான் ஆங்கிலம். ஒருமுறை, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டினார். கடல் நுரையில் பிறந்த வீனஸ் தேவதை, ஆடையின்றிச் சிப்பியின் மேல் நின்று கரைசேரும் காட்சி. ஒரு பக்கம் காற்றுத் தேவன் ஊதுகிறான். மறுபக்கம் ஒரு பெண் பூப்போட்ட போர்வையை விரித்து நிற்கிறாள். முதல்வரான சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். நிர்வாகக் குழுவின் முன் பெர்பெத்துவா விளக்கம் சொல்ல வேண்டும். இல்லையேல் படமும் போகும், ஓவியத்துக்கென்று அவர் மன்றாடி வாங்கிய பாடவேளையும் போகும்.

குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். பெர்பெத்துவாவும் அந்தக் கரைக்காரர்தான். "நம்ம கோயில் வாசல்ல தீர்த்தம் எதுல வச்சிருக்கு? பெரிய சிப்பியிலதான?" என்று தொடங்கினார். சிப்பி என்பது ஞானஸ்நானம், காற்று பரிசுத்த ஆவி, போர்வை ஞானத்தாய் பிள்ளையை வாங்க விரிக்கும் வெள்ளைத் துணி என்று முடித்தார். சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். படம் தங்கியது.

எனக்கு அது உவப்பாக இல்லை. வெள்ளைத் துணியில் பூ எங்கிருந்து வந்தது? வெளியே வந்ததும், இதை நீ நம்புகிறாயா என்று கேட்டேன்.

"ஏளா, அவுகளுக்குத் தெரிஞ்சத அவுகளுக்குக் காட்டுனேன். அந்தத் துணி அவள வான்னு சொல்லுதா, மூடுன்னு சொல்லுதான்னு எனக்கே தெரியாது" என்றார்.

சிஸ்டரோ அந்த விளக்கத்தைத் தட்டச்சு செய்து படத்தின் கீழ் ஒட்டவைத்தார். ஆண்டுத் தேர்வில் அந்தப் படத்தைப் பற்றிய கேள்விக்கு மாணவிகள் அத்தனை பேரும் அதையே எழுதினார்கள். இதைப் படிக்கும் பழைய மாணவிகள் சிலருக்கு நினைவிருக்கும். பெர்பெத்துவா யாருக்கும் பாதிக்கு மேல் மதிப்பெண் தரவில்லை. பெர்பெத்துவாவே சொன்ன விளக்கம் எப்படித் தவறாகும் என்று சிஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார். வாய்மூடி இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

"அது உங்களுக்குச் சொன்னது, சிஸ்டர். பிள்ளைக தங்கண்ணால பாக்கணும்."

அந்த வாரமே படம் இறங்கியது. பாடவேளையும் போயிற்று. அவர் அதற்காக வருந்தியதாக எனக்குத் தெரியாது. வருந்தவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் மாட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் அவரை விசுவாசத்தின் வடிவம் என்றார்கள். அரங்கமே தலையாட்டியது. நான் ஆட்டவில்லை. ஒரு விளக்கம் சபை முழுவதற்கும் பிடித்துப்போனால், அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்கும் வழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.