மூன்றாம் ஓலை

கிழக்கே ஏரிக்கரை, மேற்கே வண்டிப்பாதை என்று நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்த பேனாவை வடக்கே போகுமுன் நிறுத்திவிட்டு, சவுரிராயன் எதிரே இருந்த சார்பதிவாளர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். இன்னாரும் இன்னாரும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் சொல்லலாம் என்று அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"அது கவர்மெண்டு கண்டுபிடிச்சதுன்னு நெனைச்சிக்கினு இருக்கீங்களா? எங்க கோயில்லேர்ந்து எடுத்துக்கினு போனது."

வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையை மகன் பேருக்கு எழுதிவைக்க மயிலம் பக்கத்திலிருந்து வந்திருந்த கண்ணையன், வடக்கே யார் நிலம் என்பதைச் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். பிடிக்க முடியாது. திண்டிவனத்தில் சவுரிராயனிடம் பத்திரம் எழுத வருகிறவர்கள் ஓலையின் வரலாற்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

ஓலை என்றால் கல்யாண ஓலை. கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையின்போது மாப்பிள்ளை பெண் பெயர்களைச் சபையறிய வாசிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் கோயில் பாதிரியாரான சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இங்கிலீஷில் இதற்கு 'பேன்ஸ்' என்று பெயர். பழைய ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு ஊரறியக் கூறுவது என்றுதான் பொருளாம். தடுப்பது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாம். எண்ணூறு வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் ஆயர்கள் கூடி, களவுக் கல்யாணங்களை ஒழிக்க இதைக் கட்டாயமாக்கினார்கள். அங்கிருந்து நாடுநாடாகச் சட்டப் புத்தகங்களுக்குள் நுழைந்து, கடைசியில் எதிர்ப் பலகையில் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனையும் கேட்டபிறகே கண்ணையனுக்கு வடக்கு எல்லை கிடைத்தது.

இருபத்திரண்டு வருஷமாகப் பங்குக் கோயிலில் ஓலை வாசிக்கிறவர் சவுரிராயன். வயது ஐம்பத்தொன்று. ஊரார் பெயரையெல்லாம் ஜோடி ஜோடியாக வாசித்தவரின் சொந்தப் பெயர் மட்டும் எந்த ஓலையிலும் ஏறவில்லை. அதில் தனக்கு வருத்தமில்லை என்பதை யாரும் கேட்காமலே சொல்வார்.

இந்தத் தை மாதம் முதல் ஞாயிறு, அவர் கைக்கு வந்த தாளில் அன்புச்செல்வியின் பெயர் இருந்தது. சவுரிராயன் கடையை ஒட்டினாற்போல் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், கணவரை இழந்தவர். ஏழு வருஷமாகப் பதினோரு மணி டீ இரண்டு கடைக்கும் ஒரே தட்டில் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை தேவா, விழுப்புரத்தில் லைன்மேன், மனைவியை இழந்தவர். ஐம்பது வயதில் தலை நிறைய முடி வைத்திருந்தார் என்று கேள்வி. எந்தச் சட்டத்திலும் அது குற்றமில்லை என்பது சவுரிராயனை உறுத்தியது.

இரண்டாம் ஓலையை வாசித்த மறுநாள், திருச்சபையின் மாசற்ற தன்மை குறித்து அவருக்குப் பெருங்கவலை பிறந்தது. கடையை மூடிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார். மாப்பிள்ளை குடிப்பாரா, சீட்டாடுவாரா என்று நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் தங்கமான மனுஷன் என்றார்கள். இது பெரிய பேஜாராக இருந்தது. ஆனால் விழுப்புரம் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு அவரைக் கைவிடவில்லை. தேவாவின் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய், அன்புச்செல்வி! சவுரிராயன் போற்றிப் பாதுகாத்த, அட்டை போன பழைய திருச்சபைச் சட்டப் புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது: பிள்ளையின் ஞானத்தாயைப் பிள்ளையின் தகப்பன் மணக்கலாகாது.

சாமியாரிடம் கொடுக்க அந்தப் பக்கத்துக்கு நகல் வேண்டும். அடுத்த தெருவுக்குப் போயிருக்கலாம். கால் பழகிய கடைக்கே போயிற்று.

அன்புச்செல்வி அந்தப் பக்கத்தை நின்று நிதானமாகப் படித்தார். பிறகு இரண்டு பிரதி எடுத்து, பின் அடித்து நீட்டினார்.

"ஏன் சார், உங்க பேரையும் எம்பேரையும் சேர்த்துப் படிக்கக்கூடாதுன்னு இதுல எந்தப் பக்கத்துல போட்டிருக்குது?"

சவுரிராயன் பக்கம் புரட்டத் தொடங்கினார்.

"ஏழு வருஷமா பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தீங்க. அவரு பொண்டாட்டி போயி வருஷம் திரும்பினதும் வந்து ஒரே வார்த்தையில கேட்டுட்டாரு." அவ்வளவுதான் சொன்னார். அடுத்து நின்றவரின் ஆதார் அட்டையை வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்தார்.

சாமியார் இளவயசுக்காரர். நகலைப் படித்துவிட்டுச் சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டார். அந்த விதி போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறதென்று விளக்கினார். "சட்டம் எங்க பொறந்துதுன்னு நல்லா தெரிஞ்சி வெச்சிருக்கீங்க. அது இப்ப உயிரோட இருக்குதான்னும் பாக்கணும் இல்லீங்களா? சரி, வேற எதுனா தடை தெரியுமா?"

சவுரிராயன் நகலைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்குது ஃபாதர். ஆனா அது தடையில சேராது."

சாமியாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாம் ஓலையை வேறு யாராவது வாசிக்கட்டுமே என்றார். சவுரிராயன் சம்மதிக்கவில்லை. ஓலையையுமா இன்னொருவனுக்கு விட்டுக்கொடுப்பது?

மூன்றாம் ஞாயிறு, தேவா மகளோடு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேள்விப்பட்டது பொய்யில்லை, முடி இருந்தது. சவுரிராயன் இரண்டு பெயர்களையும் பிசகாமல் வாசித்தார். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்தார். முடித்த பிறகும் ஒலிபெருக்கி முன்னாலிருந்து நகரவில்லை. அவரையும் அறியாமல் வலக்கை மெல்ல மெல்ல எழுந்து தோளுக்கு மேலே போயிற்று. பெண்கள் பக்கத்திலிருந்து அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்தார்.

தன்னைத்தான் வரவேற்கிறார் என்று எண்ணிய தேவா, பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, முகமெல்லாம் மலர்ச்சியாகக் கையாட்டினார். சவுரிராயன் தூக்கிய கையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அதை இறக்காமல், அதே உயரத்தில் வைத்து, அவருக்குத் திருப்பி ஆட்டினார்.