துரைக் கட்டம்

பிள்ளைகளே, எழுபதுகளில் இலங்கையின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

வாசலில் குச்சியால் வரிசையாகக் கட்டம் கீறுவோம். கீழே கொழுந்தெடுக்கிறவர், அதற்கு மேல் கங்காணி, கணக்கப்பிள்ளை, உச்சியில் தோட்டத்தையே நடத்தும் துரை. புளியங்கொட்டை உருட்டி ஜெயித்தவர் ஒரு கட்டம் ஏறுவார். துரையானவர் உத்தரவு போடலாம். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் முதல் கட்டத்தோடு சரி. யாரும் சட்டம் போடவில்லை. தோட்டத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஆடினோம்.

அடுத்த வீட்டுக் கமலம் மறுநாள் முதல் கொழுந்துக்குப் போக வேண்டியவள். அன்றுதான் அவளுக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தவள், கங்காணிக் கட்டத்தில் கால் வைத்தாள்.

துரைக் கட்டத்தில் நின்ற நான் சிரித்தேன்.

“ஏ புள்ள, பொம்பளக் கங்காணிய எந்தத் தோட்டத்துல பாத்த?”

அவள் என் கிழிந்த கால்சட்டையைப் பார்த்தாள்.

“ஒன்னய மாதிரி தொரைய எந்தத் தோட்டத்துல பாத்த?”

ஆட்டத்தை விட்டால் எனக்கும் அந்தக் கட்டம் ஏது?

“சரி, ஏறி வா” என்றேன்.

அடுத்தடுத்து ஜெயித்து என் பக்கத்தில் வந்து நின்றாள். கட்டம் சின்னது. ஒதுங்கி, ஒரு காலைக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டேன்.

“சலாங்க தொரசாணி” என்றான் ஒருவன், துரையின் மனைவியைக் கும்பிடுவதுபோல்.

“தொரசாணி இல்லடா, தொர. நாளைக்கு யாருக்கும் வேல கெடையாது” என்று உத்தரவு போட்டாள் கமலம்.

மறுநாள் விடியலில் கூடையோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள்.

நீங்கள் கட்டம் கீறும்போதெல்லாம் மேல் கட்டத்தைப் பெரிதாகக் கீறச் சொல்கிறேனே, அது இதனால்தான். இன்னொருவர் ஏறி வந்தாலும் நிற்க இடம் இருக்கட்டும்.