அவர் காலுக்கு மட்டும் தெரிந்த பிரேக்

என் கணவர் மாரடைப்பில் இறந்து, தகனம் முடிந்த மறுநாள், அஸ்தி கரைக்க எங்கள் ஊரான அசாம் ஜாவாவிலிருந்து கடலோரத்துக்கு அவருடைய பழைய ஃபோர்வீல் வண்டியிலேயே கிளம்பினோம். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் அந்த வண்டியை அவரைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. அன்று என் தம்பி ஓட்டினான். பக்கத்தில் நான், மடியில் அஸ்திச் சட்டி.

"பிரேக் கொஞ்சம் மெத்துன்னு இருக்குக்கா."

"பழைய வண்டிலா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

கடற்கரை மேட்டிலிருந்து இறங்கும்போது பெடல் அடிவரை போய்விட்டது. தம்பி வண்டியை மணல் குவியலில் திருப்பி முட்டி நிறுத்தினான். சட்டியை அணைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அஸ்தியைக் கரைத்துவிட்டு வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப் போனோம். பட்டறைக்காரர் பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். உள்பக்கமெல்லாம் பிரேக் எண்ணெய் கசிந்திருந்தது. ஆயுத பூஜைக்கு அந்தச் சக்கரத்தைக் கழுவிப் பொட்டு வைத்தவள் நான். அப்போது கையில் ஒட்டிய பிசுக்கைச் செம்பனைப் பழத்தின் எண்ணெய் என்றே நினைத்திருந்தேன்.

"ரொம்ப நாளா ஒழுகுதுக்கா. அண்ணன் எண்ணெய ஊத்தி ஊத்தி, ரெண்டு மூனு வாட்டி மிதிச்சுப் பிடிக்க வச்சே ஓட்டியிருக்காரு" என்றார்.

சீட்டுக்கடியில் பாதி காலியான எண்ணெய் போத்தல் கிடந்தது.

இப்போது வண்டியை நானே ஓட்டுகிறேன். எடுப்பதற்கு முன் பெடலை அழுத்திப் பிடித்துப் பார்ப்பேன். அது இறங்கினால் வண்டி வாசலைத் தாண்டாது. சக்கரத்தின் உள்பக்கத்தையும் தொட்டுப் பார்ப்பேன். தம்பி ஓட்டிவிட்டு வந்தால், வண்டிக்கு என்ன குறை என்று கேட்ட பிறகுதான் சாவியை வாங்குகிறேன்.

தினமும் வேலை முடிந்து வந்து அவர் அந்தச் சாவியை ஆணியில் மாட்டுவார். "சாப்பாடு போடவா" என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.