சேகர் மாமாவின் லோரிக்கு ஒரு சவுண்ட் கார்டு

போன சனிக்கிழமை முழுவதையும் ஒரு சவுண்ட் கார்டுக்குக் கொடுத்தேன். சனி மட்டுமா... அதற்கு முந்தைய வாரத்தையும்தான்.

எனக்காக இல்லை. பண்டமாரானில் இருக்கும் என் அக்கா கணவர் சேகர் மாமாவுக்காக. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயால் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். லோரி போனது. அதோடு பேச்சும் போனது. வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற லோரிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன் கேமிங் கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப்போனான். போகுமுன் லோரி ஓட்டும் கேம் ஒன்றை அதில் போட்டு, அப்பாவுக்குச் சொல்லியும் கொடுத்தான். திரையில் ஐரோப்பா. பனி, மலை, சுரங்கப்பாதை. மாமா தினமும் அங்கே சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். கைகளால் ஓட்டினால் போதும். பாதத்தைக் கேட்பதில்லை அந்த லோரி.

திடீரென்று போன் செய்தார்.

"மச்சான், இதுல இஞ்சின் சத்தம் சரியில்ல. ஹெட்போன்ல ஸ்ஸ்ஸ்னு ஒரே இரைச்சல். மௌஸ நகத்துனா கீச்சுங்குது. கியர் மாத்துறதே கேக்க மாட்டேங்குது. சத்தம் மட்டும் சரியா வந்துச்சுன்னா அப்படியே நம்ம லோரிதான்!"

பாதம் போனதற்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. எனக்கு நேரமில்லை என்று எப்படிச் சொல்வது?

இரைச்சல் போக தனியாக ஒரு சவுண்ட் கார்டு போடலாமா என்று இன்டர்நெட்டில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. 'மதர்போர்டில் இருக்கும் சவுண்டே போதும், தனி கார்டு தண்டம்' என்கிறார் ஒருவர். 'அப்படிச் சொல்பவனுக்குக் காதே இல்லை' என்கிறார் இன்னொருவர். நடுவில் டெசிபல், சேனல், கிலோஹெர்ட்ஸ்... ஒரு கட்டத்தில் எனக்கே காதில் இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து பண்டமாரான் போய் மாமாவை ஏற்றிக்கொண்டு, ஜாமில் ஊர்ந்து திரும்பக் கோலாலம்பூருக்கே வந்து சேர்ந்தேன். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த மால். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஊன்றுகோலோடு மாமா எஸ்கலேட்டரில் ஏற, பின்னால் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு...

மூன்றாவது கடையில் செராஸ்காரப் பெண் ஒருவர் விற்பனைக்கு நின்றிருந்தார். பெயர் விமலா.

"என்ன கேம் அங்கிள்? ஷூட்டிங்கா? எதிரி எந்தப் பக்கம் வரான்னு காலடிச் சத்தம் கேக்கணுமா?"

"எனக்கு எதிரியெல்லாம் இல்லம்மா. லோரி ஓட்டுறேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரிடம் வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

கம்ப்யூட்டரின் உட்புறத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். காட்டினேன். "இந்த கிராபிக்ஸ் கார்ட் பெருசு சார். பக்கத்து ஸ்லாட்டை மறைச்சிட்டு நிக்குது. உள்ள மாட்ட இடமில்ல. வெளிய யுஎஸ்பில மாட்டுறத எடுங்க. உள்ள இருக்கிற இரைச்சலும் இதுல வராது."

"நாலா பக்கமும் சத்தம் வர்ற செவன் பாயின்ட் ஒன் சரவுண்ட் வேணாமா?" என்றேன். ஒரு வாரம் படித்தது வீணாகக் கூடாதே!

"அங்கிளுக்கு எதுக்கு சார்? ஸ்டீரியோ சுத்தமா வந்தா போதும் லா."

இரண்டை மாட்டிக் கேட்க வைத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவதைத் தொட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு லோரியைக் கிளப்பினார். அடுப்படியிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். நாங்கள் இருவரும் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தோம்.

ஒரு மேட்டில் ஏறினார். கியர் மாற்றினார். ஓரமாக நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றினார்.

"இன்னும் இரையுதா மாமா?"

"இல்ல மச்சான். சுத்தமா இருக்கு. கியர் மாத்துறது கூட தெளிவா கேக்குது."

"அப்புறம் என்ன?"

"இது நம்ம லோரி இல்ல."

அந்த இரைச்சலுக்கு அடியில் தன் பழைய லோரி ஓடிக்கொண்டிருப்பதாக மனிதர் நம்பியிருக்கிறார். நான் மெனக்கெட்டு இரைச்சலைத் துடைத்தேன். உள்ளே இருந்தது வேறு யாருடைய லோரியோ. தெளிவு, தெளிவு என்று பறக்கிறோமே... எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்டு என்ன கண்டோம்?

அக்கா மெதுவாக, "திருப்பிக் குடுத்துட்டு வந்துடுறியாடா?" என்றாள்.

மறுபடி கோலாலம்பூரா? மறுபடி அந்த எஸ்கலேட்டரா? நான் பதில் சொல்வதற்குள் மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"எதுக்கு? கம்பெனில வேற லோரி குடுத்தா வேணாம்னா சொன்னேன்? கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கணும். அதோட கோளாறு என்னான்னு தெரியணும். அப்புறம் பழகிடும்."

ஹெட்போனை மாட்டினார். ஹேண்ட்பிரேக்கை எடுத்தார். பனிக்குள் போய்விட்டார். அக்கா கையைத் துணியில் துடைத்தபடி உள்ளே போனாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

நான் வெளியே வந்து என் காரைக் கிளப்பினேன். நாள் முழுக்க இஞ்சின் சத்தமாகவே கேட்டுப் பழகிய காதில் புதிதாக ஒன்று விழுந்தது... முன் சக்கரத்துப் பக்கம், கிரீச்.

ஆக, அடுத்த சனிக்கிழமையும் போச்சு.